ஒன்பதுகளுக்கு நடுவில் ஓர் எட்டு

நம் பள்ளி மலருக்கு இனிய நினைவு ஒன்றை எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். மூன்று முறை எழுதினேன். முதல் இரண்டையும் கிழித்தவள் என் மகள். அவளுக்கு நாலரை வயது, தாளைக் கண்டால் விடமாட்டாள். மூன்றாவதை நானே கிழித்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் அதில் எழுதாமல் விட்டிருந்தேன்.

இது நான்காவது. இது இனிய நினைவுதானா என்று இப்போதும் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. படித்துப் பாருங்கள். மலருக்கு வேண்டாம் என்று பட்டால் விட்டுவிடுங்கள், நான் தவறாக நினைக்க மாட்டேன்.

நாம் எட்டாம் வகுப்பு படித்த ஆண்டு அது. என் பெஞ்சில் சன்னலோரம் உட்கார்ந்திருந்தவளை மறந்திருக்க மாட்டீர்கள். வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சிற்றூர் அவளுக்கு. கள்ளக்குறிச்சியில் விடுதியில் தங்கிப் படித்தாள். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அதையே தேடுவாள். பெயர் எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும்.

காலாண்டுத் தேர்வு முடிந்த வாரம், மாசி மாதம் நடக்கவிருந்த கண்காட்சிக்கு யார் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கணக்கு டீச்சர் கேட்டார். எரிமலை, காற்றாலை, தண்ணீர் வடிகட்டி என்று ஆளுக்கொன்று சொன்னீர்கள். நாங்கள் இருவரும் வாயைத் திறக்கவில்லை. எங்களுக்கு அட்டை, பல்பு, மோட்டார் எதுவும் கிடைக்காது. டீச்சர் கரும்பலகையில் ஓர் எண்ணை எழுதினார்.

99999989.

"பத்துக் கோடிக்குள்ள பெரிய பகா எண் இதுதான்னு ஒரு புத்தகத்துல இருக்கு. நான் சரிபார்த்தது இல்ல. ரெண்டு பேரும் பார்த்துச் சொல்லுங்க. தாளும் பேனாவும் போதும்" என்றார்.

பகா எண் என்றால் ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியில்லாமல் வகுபடுகிற எண். இவ்வளவு பெரிய எண்ணை எத்தனை எண்களால் வகுத்துப் பார்ப்பது என்று கேட்டேன். டீச்சர் அதற்கும் ஒரு வழி சொன்னார். இந்த எண் இரண்டு எண்களின் பெருக்கலாக இருந்தால், அவற்றில் ஒன்றாவது பத்தாயிரத்துக்குள் இருக்க வேண்டும். பத்தாயிரத்தைப் பத்தாயிரத்தால் பெருக்கினாலே பத்துக் கோடி வந்துவிடுமே. ஆகவே பத்தாயிரத்துக்குள் இருக்கும் பகா எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும்.

"மட்டும்" என்று அவர் சொன்னது எத்தனை என்று பிறகுதான் தெரிந்தது. ஒன்று முதல் பத்தாயிரம் வரை எழுதி, இரண்டின் மடங்குகள், மூன்றின் மடங்குகள், ஐந்தின் மடங்குகள் என்று அடித்துக்கொண்டே போனோம். எங்களுக்கு முதலில் ஆயிரத்து இருநூற்று முப்பத்தொன்று மிஞ்சியது. திரும்பவும் பார்த்ததில் இரண்டு எண்கள் அடிபடாமல் தப்பித்து நின்றது தெரிந்தது. ஆயிரத்து இருநூற்று இருபத்தொன்பது. அத்தனை வகுத்தல்கள்.

கால்குலேட்டர் என்பது அன்று எங்களுக்குத் துணிக்கடை கல்லாப்பெட்டி மேல் இருக்கும் ஒரு பொருள். கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த பாயிடம் ஒருநாள் போய் நின்றோம்.

"பாய், ஞாயித்துக்கெழம மட்டும் குடுங்க பாய். பத்தரமா வெச்சிக்கினு திருப்பிக் குடுத்துடறோம்" என்றாள் தோழி.

"இன்னாத்துக்கும்மா?"

"பள்ளிக்கூடத்துப் போட்டிக்கு."

"மெசினு கணக்கு போட்டா பரிசு மெசினுக்குல்ல குடுக்கணும்? போயி கையால போடுங்க. ஒங்க வயசுல நான் மீட்டர் கணக்கெல்லாம் வெரல்லியே போட்டவன்."

கையாலேயே போட்டோம். போன வருட நோட்டுகளில் எழுதாமல் விட்ட தாள்களைக் கிழித்து, சாக்கு தைக்கும் ஊசியால் தைத்து ஒரு கனத்த நோட்டு ஆக்கினோம். ஒற்றைப்படைப் பக்கங்கள் அவளுக்கு, இரட்டைப்படைப் பக்கங்கள் எனக்கு. ஏழால் வகுத்தால் மீதி ஐந்து. பதினொன்றால் வகுத்தால் மீதி ஒன்று. பதின்மூன்றால் வகுத்தால் மீதி பதினொன்று. மீதி எவ்வளவு வந்தாலும் சரி, பூச்சியம் மட்டும் வரக்கூடாது. மதிய இடைவேளையில் புங்கமரத்தடியிலும், சனிக்கிழமைகளில் என் அப்பாவின் கடைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையிலும் போட்டோம்.

அப்பா வண்டிகளுக்கு நம்பர் பிளேட் எழுதுபவர். டிராக்டர், மரவள்ளிக் கிழங்கு ஏற்றும் லாரி, மலைக்கு ஆள் ஏற்றும் ஜீப் எல்லாம் கடை வாசலில் வந்து நிற்கும். எனாமல் பெயிண்டும் டர்பன்டைனும் கலந்த வாசனை எங்கள் நோட்டிலேயே ஏறிவிட்டது. எந்த எண்ணைப் பார்த்தாலும் அப்பாவின் உதடு அசையும், இலக்கங்களைக் கூட்டுகிறார் என்று அர்த்தம். ஒன்பது வந்தால் முகம் மலரும். எட்டு வந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். வண்டிக்காரர் கிளம்பும்போது ஓர் எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்து அனுப்புவார்.

இரண்டாவது வாரம் எனக்கு ஒரு பெரிய அதிர்ச்சி. எழுபத்து மூன்றால் வகுத்தேன், மீதி பூச்சியம். எண் பகா எண் இல்லை, டீச்சரின் புத்தகம் தப்பு, எங்கள் கண்காட்சி போயிற்று என்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தோழி நோட்டை இழுத்துப் பார்த்தாள்.

"இன்னாடி, எட்டு எங்க? முழுங்கிட்டியா?"

வரிசையாக ஒன்பது போட்டுக்கொண்டு வந்த வேகத்தில் எட்டையும் ஒன்பதாகவே போட்டிருந்தேன். எட்டு ஒன்பதுகள். அந்த எண் ஒன்பதால் வகுபடும், எழுபத்து மூன்றால் வகுபடும், இன்னும் எதெதாலோ வகுபடும். திரும்பப் போட்டபோது மீதி சரியாக வந்தது. அன்றிலிருந்து என் பக்கங்களில் எட்டுக்குக் கீழே அவளே ஒரு புள்ளி வைத்துக் கொடுத்துவிடுவாள்.

எனக்கு அது கண்காட்சி மட்டும்தான். அவளுக்கு வேறொன்றும் இருந்தது. ஒன்பதாம் வகுப்புக்கும் விடுதியில் இருக்க வேண்டுமென்றால் வீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அவள் அம்மாவுக்கு மனமில்லை. அப்பா இல்லாத வீடு, புளி உலுக்கவும் கிழங்கு பிடுங்கவும் ஆள் வேண்டும்.

"எங்கம்மா சொல்லுது, கெழங்கு புடுங்க எட்டாவதே ஜாஸ்தின்னு" என்று சிரித்தாள். "நான் வுடல. கண்காட்சிக்கு வாம்மா, பெரிய ஆபீசரு வருவாரு, அவரு வாயால நான் போட்டது சரின்னு சொன்னா கையெழுத்து போடறியான்னு கேட்டேன்."

"இன்னா சொன்னாங்க?"

"போடறேன்னுச்சு. எங்கம்மா ஒரு வார்த்த சொன்னா சொன்னதுதான்."

பொங்கல் கழிந்து நாலாம் நாள் கடைசி வகுத்தல். பத்தாயிரத்துக்குள் கடைசிப் பகா எண் 9973. அவள் போட்டாள். நான் கரும்பைக் கடிக்காமல் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். மீதி 718. அவள் நோட்டை மூடி அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "இனிமே இத யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாதுடி" என்றாள். எங்கள் எண்ணுக்கு மேலே, பத்துக் கோடிக்குள் மிஞ்சிய பத்து எண்களும் எதனாலாவது வகுபடுவதை ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தோம். முடிந்தது.

கண்காட்சியில் மாட்ட ஒரு பலகை எழுதித் தருவதாக அப்பா சொன்னார். தோழி தன் கையெழுத்தில் ஒரு சீட்டில் எண்ணை எழுதிக் கொடுத்தாள். கண்காட்சியன்று காலையில் கடைக்குப் போனேன். அப்பா அரைநாள் கடையை மூடியிருந்தார். ஆளுயரத் தகரத்தில் சிவப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து, மஞ்சள் ஓரம். "பத்துக் கோடிக்குள் மிகப் பெரிய பகா எண்" என்று மேலே. கீழே எட்டு இலக்கங்கள். அத்தனையும் ஒன்பது.

"அப்பா, இன்னாப்பா இது? எட்டு எங்கப்பா?"

"நீ கூட்டிப் பாத்தியா பாப்பா? எழுவத்தொண்ணு. ஏழும் ஒண்ணும் எட்டு. பொம்பளப் புள்ளைங்க ரெண்டு பேரு நிக்கப்போற எடத்துல எட்டு எதுக்கு? இப்ப கூட்டு."

கூட்டினேன். எழுபத்திரண்டு. ஏழும் இரண்டும் ஒன்பது.

"இல்லப்பா, நம்பரு மாறிடுச்சே."

"வண்டி நம்பர மாத்த முடியாது, அது ஆபீசுல குடுக்கறது. இது நீங்க குடுத்த நம்பருதான? பத்துதான் ஜாஸ்தி ஆயிருக்குது. கம்மி ஆவல பாரு."

எனக்குச் சொல்லத் தெரிந்திருந்தது. இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பது வருகிற எந்த எண்ணும் ஒன்பதால் வகுபட்டுவிடும். அப்பாவுக்குப் பிடித்த கூட்டுத்தொகை இருக்கும் எண் ஒருநாளும் பகா எண்ணாக இருக்காது. எழுபத்து மூன்றில் அழுத எனக்கு இது தெரியாதா? ஆனால் பெயிண்ட் ஈரமாக இருந்தது. மாற்றி எழுதினால் காய ஒரு நாள் ஆகும். அப்பா தூரிகையைத் துடைத்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பள்ளிக்கூடத்துக்கு அவர் செய்து தரும் முதல் பொருள் அது.

"நல்லா இருக்குதுப்பா" என்றேன்.

யார் கூட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். தோழியிடம் சொல்லிவிடலாம் என்றும் நினைத்தேன். சொன்னால் அவள் பலகையே வேண்டாம் என்பாள், அப்பா என்ன நினைப்பார் என்றும் நினைத்தேன். நினைத்துக்கொண்டே இருந்துவிட்டேன். இப்போதும் அப்படித்தான். மகளுக்குக் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் போவதா, காலைவரை பார்ப்பதா என்று நினைத்தே பாதி நாளைப் போக்கிவிடுவேன்.

ஈரத்தில் தூசி ஒட்டக்கூடாது என்று அப்பா பழைய வேட்டியை மூங்கில் சட்டத்தின் மேல் கட்டிப் பலகையை மூடியே கொண்டுவந்தார். ஏணி போட்டு எங்கள் மேசைக்குப் பின்னால் மாட்டி, கல்வி அதிகாரி அறைக்குள் வரும்போதுதான் வேட்டியை இறக்கினார். தோழி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா முதல் பஸ்ஸில் மலையிறங்கி வந்து, கோயிலுக்குள் நுழைவதுபோல் செருப்பை வெளியே விட்டுவிட்டு, கையில் ஒரு பை கொய்யாவோடு சுவரோரம் நின்றிருந்தார்.

அதிகாரி முன்பு கணக்கு ஆசிரியராக இருந்தவராம். நல்ல மனிதர். தோழி நோட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஏன் பத்தாயிரம்வரை போதும் என்று அவள் விளக்கியபோது "அடடே" என்றார். அவள் அம்மா ஓர் அடி முன்னால் வந்தார். பிறகு அதிகாரி நிமிர்ந்து பலகையைப் பார்த்தார்.

"என்னம்மா, எல்லாமே ஒன்பதா இருக்கு? ஒன்பதால வகுத்தா மீதி வருமா?"

தோழி திரும்பினாள். அப்போதுதான் பலகையை முதன்முதலாகப் பார்த்தாள். பக்கத்து மேசையில் யாருடைய எரிமலையோ சோடாவைக் கொப்பளித்துக்கொண்டிருந்தது.

"வராது சார்" என்றாள்.

"அப்ப இது பகா எண் இல்லையே. யார் எழுதிக் கொடுத்தது?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் மேசை விரிப்பின் ஓரத்தைப் பார்த்தேன்.

"நான்தான் சார். தப்பா எழுதிக் குடுத்துட்டேன்" என்றாள் அவள்.

"பரவாயில்லம்மா. உழைப்பு இருக்கு. கவனம்தான் வேணும்" என்று அவள் தலையைத் தொட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். தலைமையாசிரியர் மட்டும் நின்று, "இவ்வளவு பேர் முன்னால இப்படியா? ஒன்பதாம் வாய்ப்பாடுகூட தெரியாதா?" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார். நோட்டில் எண் சரியாகத்தான் இருந்தது, பக்கத்துக்குப் பக்கம், கீழே புள்ளியோடு. அதைப் பிரித்து யாரும் ஒப்பிடவில்லை. கணக்கு டீச்சர் அதிகாரிக்குப் பின்னால் ஓடவேண்டியிருந்தது. அவள் அம்மா கொய்யாப் பையை எங்கள் மேசையில் வைத்துவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

முழுப் பரீட்சை முடிந்த அன்று அவளுடைய தகரப் பெட்டி ஜீப்பின் மேல் ஏறியது. உங்களில் சிலர் கையசைத்தீர்கள். பிறகு அவள் வரவில்லை. ஊரில் கல்யாணமாகியிருக்கும் என்று நாமெல்லாம் பேசிக்கொண்டோம்.

அந்தப் பலகை பல வருடம் எங்கள் வீட்டுக் குளியலறைக்குக் கதவாக இருந்தது. பல் தேய்க்கும்போதெல்லாம் எட்டு ஒன்பதுகளும் என் முகத்துக்கு நேராக நிற்கும். என் தங்கை அதைப் பார்த்துத்தான் ஒன்பது எழுதிப் பழகினாள். நோட்டு என்ன ஆனது என்று தெரியவில்லை. அதிகாரி சொன்னது அப்பாவுக்கு எட்டவே இல்லை என்றுதான் நினைத்தேன். வேட்டியை இறக்கியதும் கடைக்குப் போய்விட்டார் என்று எண்ணியிருந்தேன். சாயங்காலம் "ஆபீசரு இன்னா சொன்னாரு?" என்று கேட்டார். "நல்லா இருக்குதுன்னாருப்பா" என்றேன்.

அன்று அப்பாமேல் எனக்குக் கோபம். படிக்காதவர் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். பிறகு என் மகள் இருபத்தாறாம் தேதி பிறந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே கூட்டிப் பார்த்தேன். எட்டு. நான் பட்டம் வாங்கியவள், கூட்டுத்தொகைக்கும் குழந்தைக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தத் தேதியை மாற்ற ஒரு வழி இருந்திருந்தால் மாற்றியிருப்பேனோ என்று நினைக்கிறேன். அப்பா பயந்துதான் மாற்றினார். அது அறியாமையா, அக்கறையா என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

மலருக்கு எழுதச் சொன்னதும் முதலில் தோழியிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியது. போன மாதம் மகளைக் கூட்டிக்கொண்டு மலை பஸ் ஏறினேன். வளைவுகளில் மகள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். திரும்பிவிடலாமா என்று நானும் இரண்டு முறை யோசித்தேன்.

தோழி வாசலில் புளியம்பழத்தைக் காயவைத்துக் காலால் கிளறிக்கொண்டிருந்தாள். காதில் பென்சில் இல்லை. மற்றபடி அவளேதான்.

"வந்துட்டியாடி? இன்னும் எட்ட ஒம்போதாதான் எழுதிக்கினு இருக்கியா?"

பஸ்ஸில் நூறு முறை சொல்லிப் பார்த்ததை ஒரே மூச்சில் சொன்னேன். எட்டை மாற்றியது அப்பா. காலையிலேயே எனக்குத் தெரியும். சொல்லாமல் விட்டது நான்.

"அது எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள். "சீட்டுல நான் எழுதினது எனக்குத் தெரியாதா? உள்ள எங்கம்மா புளிக்குக் கொட்ட எடுத்துக்கினு இருக்குது. இன்னிக்கும் எதுனா மறந்துட்டா, ஒம்போதாம் வாய்ப்பாடு மறந்தவதானன்னு சொல்லும். போயி அதுகிட்ட சொல்லு."

உள்ளே போனேன். அவள் அம்மா நன்றாக மெலிந்திருந்தார். என் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு புளியங்கொட்டையைக் கையில் கொடுத்தார். நான் முதலிலிருந்து சொன்னேன். எண்ணைச் சொன்னேன், எட்டைச் சொன்னேன், அப்பாவைச் சொன்னேன், என்னைச் சொன்னேன், இதைப் பள்ளி மலரில் எழுதப் போவதையும் சொன்னேன். கையில் இருந்த பழத்தை உடைக்காமல் கேட்டார். முடிந்ததும் வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"ஏண்டி, அப்ப நீ போட்டது சரிதானா?"

"சரிதாம்மா" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

"அப்ப ஏண்டி அத்தினி பேரு எதிருல தப்புன்னு ஒத்துக்கின?"

காலால் கிளறும் சத்தம் நின்றது.

"இவங்கப்பா சன்னலுக்கு வெளிய நின்னுக்கினு இருந்தாரும்மா. ஏணிய தோள்ல மாட்டிக்கினு, பலகையவே பாத்துச் சிரிச்சிக்கினு."

நான் அன்று சன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

அவள் அம்மா பழத்தை உடைத்தார். நாரை உரித்தார். கொட்டையை எடுத்து முறத்தில் போட்டார்.

"ஒங்கப்பா நல்லா இருக்காராம்மா?"

"இருக்காரும்மா."

"நல்லா இருக்கட்டும்" என்றார். "ஏதோ புஸ்தகத்துல எழுதப் போறேன்னியே. இவ போட்டது சரின்னு அதுல எழுது. அன்னிக்கி அங்க இருந்தவங்க எல்லாரும் படிக்கட்டும்."

அவள் போட்டது சரி. 99999989 பகா எண்தான்.